சுவரில் எழுந்த உடல்கள் – 7: கால்சட்டைக்காரர்

சென்ற வாரம் பியாஜோ தா செசேனாவைப் போப்பாண்டவர் முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். வத்திக்கானின் சடங்குகளை நடத்தி வைக்கும் அதிகாரி அவர். சிஸ்டைன் சிற்றாலயத்தின் பீடச் சுவரில் மைக்கலாஞ்சலோ வரைந்துகொண்டிருந்த பொதுத் தீர்வைக் காட்சியை, முடியும் முன்பே போய்ப் பார்த்தவர். இத்தனை அம்மண உடல்களும் குளியல் வீட்டுக்கும் மதுக்கடைக்கும்தான் ஏற்றவை, ஆண்டவர் சந்நிதிக்கு அல்ல என்று சொன்னவர். அதைக் கேட்ட ஓவியர், நரகத்தின் நீதிபதி மினோசுக்கு அவருடைய முகத்தையே வைத்துவிட்டார். கழுதைக் காதுகள், உடலைச் சுற்றிய பாம்பு. பியாஜோ முறையிட்டார். உத்தரிக்கிற ஸ்தலமாக இருந்தால் மீட்டுவிடுவேன், நரகத்தில் எனக்கு அதிகாரம் கிடையாதே என்று மூன்றாம் பவுல் பதில் சொன்னதாகக் கதை வழங்குகிறது. சுவரின் வலது கீழ் மூலையில் பியாஜோ இன்றும் நிற்கிறார்.

1541 அக்டோபர் 31. சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்திய மாலை. ஓவியம் திறக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட உருவங்கள். மண்ணைப் பிளந்துகொண்டு எழுபவர்கள், மேலே இழுக்கப்படுபவர்கள், கீழே தள்ளப்படுபவர்கள். பெரும்பாலோர் மேல் ஒரு முழத் துணிகூட இல்லை.

ஏன் இல்லை? இந்தக் கேள்வியை நிதானமாகக் கேட்க வேண்டும். தீர்வை நாளில் செத்தவர்கள் தங்கள் சொந்த உடலோடு எழுவார்கள் என்பது திருச்சபையின் விசுவாசம். குறையின்றி, நிறைந்த பருவத்தில், ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும், ஆனால் இச்சை அற்றுப்போய் எழுவார்கள் என்று புனித அகுஸ்தீன் எழுதி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. கல்லறையிலிருந்து வருகிறவனுக்கு அங்கி ஏது? அரசன், ஆண்டி என்று பிரித்துக் காட்ட மகுடம் ஏது? ஓர்வியெத்தோ பேராலயத்தில் சிஞ்ஞோரெல்லி என்ற ஓவியர் 1500-ஐ ஒட்டி இதே காட்சியை வரைந்தபோதும் எழுந்தவர்கள் அம்மணமாகத்தான் எழுந்தார்கள். மைக்கலாஞ்சலோ ஒரு படி தாண்டினார். அதுவரை அங்கியோடு நின்ற புனிதர்களையும் அந்த நிலைக்கே கொண்டுவந்தார். இது கேலியல்ல, துணிச்சலுங்கூட அல்ல என்றே நான் நினைக்கிறேன். அறுபதைத் தாண்டிய, மரணத்தை நினைத்துக்கொண்டே இருந்த ஒரு மனிதரின் ஜெபம் அது. புனித பர்த்தலமேயு கையில் தொங்கும் உரிந்த தோலைப் பாருங்கள். அதில் தெரியும் வாடிய முகம் மைக்கலாஞ்சலோவின் சொந்த முகம் என்று கலை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அடுத்தவரின் ஆடையை உருவ வந்தவன் தன் தோலை அங்கே தொங்கவிடுவானா?

சிற்றாலயத்துக்குள் போக வாய்த்தவர்கள் கொஞ்சம் பேர். கர்தினால்கள், குருக்கள், தூதர்கள், ஓவியர்கள். படம் அவர்களோடு நின்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். நிற்கவில்லை. பிரதிகள் எடுக்கப்பட்டன, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடிக்கப்பட்டன. சுவரின் உயரம் இல்லை, கீழே பீடம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, ஜெபம் இல்லை. கையகலக் காகிதத்தில் உடல்கள் மட்டும் ஊர் ஊராகப் போயின.

1545 நவம்பரில் வெனிஸிலிருந்து மைக்கலாஞ்சலோவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பியெத்ரோ அரெத்தீனோ. படத்தின் கோட்டுப் பிரதி ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். ஒரு வேசி வீட்டில்கூட இப்படம் கண்ணை மூட வைக்கும் என்ற அளவுக்குப் போனது அந்தக் கடிதம். படுக்கையறைக் காட்சிகளை அச்சடித்த செப்புப் படங்களுக்குப் பச்சையான கவிதைகள் எழுதிப் பெயர் வாங்கியவர் அவர். மைக்கலாஞ்சலோவிடம் சித்திரங்கள் கேட்டுக் கேட்டு ஏமாந்தவரும்கூட. அந்தச் சுவரின் முன்னால் நின்று பார்க்காமலே அவர் எறிந்த கல் இலக்கில் விழுந்தது. அன்றைய ரோமில் அது வெறும் கல் அல்ல. லூத்தரின் பிரிவினையால் திருச்சபை உலுங்கிப்போயிருந்தது. சிலைகளும் படங்களும் விக்கிரக வழிபாடு என்று வடக்கே உடைத்துக்கொண்டிருந்தார்கள். எதிராளி போப்பின் சொந்தச் சிற்றாலயத்தையே காட்டிச் சிரித்தால்?

1555-இல் நான்காம் பவுல் பதவிக்கு வந்தார். படத்தைச் சரிசெய்யச் சொல்லி ஆள் அனுப்பினார். அது சின்னக் காரியம், அவர் உலகத்தைச் சரிசெய்யட்டும், படம் தானே சரியாகிவிடும் என்ற பொருளில் கிழவர் மைக்கலாஞ்சலோ சொல்லியனுப்பியதாக, அவருடைய வாழ்க்கையை எழுதிய வசாரி பதிவு செய்திருக்கிறார். அந்தப் போப்பும் போனார். படம் தப்பியது.

தப்பாத நாளும் வந்தது. திரெந்துப் பொதுச்சங்கம் 1563 டிசம்பரில் முடியும்போது, திருப்படங்களில் காமத்தைத் தூண்டும் அழகு கூடாது என்று விதித்தது. 1564 ஜனவரி 21 அன்று கர்தினால்களின் குழு முடிவெடுத்தது: சிஸ்டைன் சுவரில் மறைக்க வேண்டியதை மறைக்க வேண்டும். இருபத்தெட்டாம் நாள், பிப்ரவரி 18, மைக்கலாஞ்சலோ இறந்தார். வயது 88.

படுக்கையருகே இருந்தவர்களில் ஒருவர் தானியேலே தா வொல்தேரா. கிழவரின் நம்பிக்கைக்குரிய நண்பர், சித்திரங்கள் கொடுத்துக் கைதூக்கிவிடப்பட்டவர். இன்று மைக்கலாஞ்சலோவின் முகம் என்று நாம் அறியும் வெண்கலத் தலையை வார்த்தவர் இவர்தான். துணி போர்த்தும் வேலை அவரிடமே வந்தது.

1565-இல் சாரம் கட்டினார்கள். இந்த இடத்தில் சுவரை நெருங்கிப் பார்க்க வேண்டும். மைக்கலாஞ்சலோ வரைந்தது ஈரச் சுண்ணாம்புச் சாந்தின் மேல். ஒரு நாளில் வரைந்து முடிக்கிற அளவுக்கே சாந்து பூசுவார்கள். அது காயக் காய நிறம் சுவரோடு இறுகிக் கல்லாகிவிடும். தானியேலே பெரும்பாலான இடங்களில் காய்ந்த சுவரின் மேலேயே இடுப்பைச் சுற்றி ஒரு துணி, தோளிலிருந்து ஒரு முந்தானை என்று மெல்லப் பூசினார். அந்த வண்ணம் மேலே தோல்போல ஒட்டி நிற்கும். என்றாவது ஒருவர் நினைத்தால் எடுத்துவிடலாம். அடியில் ஆசானின் கோடு அப்படியே இருக்கும். அந்தக் கை மனமில்லாமல் பூசிய கை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் ஓரிடத்தில் அவர் உளியை எடுத்தார்.

கிறிஸ்துவின் இடக்கைப் பக்கம், கூர்முட்கள் பதித்த சக்கரத்தைப் பிடித்தபடி குனிந்திருந்தார் புனித கத்தரீனா, அம்மணமாக. அவருக்குப் பின்னால், கம்பளி சீவும் இரும்புச் சீப்புகளோடு அவர்மேல் கவிந்தாற்போல் புனித பிளாசியார். இருவரும் ஏந்தியிருப்பது தங்களை வதைத்த கருவிகள். வரைந்தவருக்கு அவை வேதசாட்சியின் அடையாளங்கள். பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு உடல்களும் நின்ற கோணம் மட்டும் தெரிந்தது. ரோமெங்கும் அதுவே பேச்சு. தானியேலே அந்தச் சாந்தையே கொத்தி எடுத்தார். கத்தரீனா முழுவதும், பிளாசியாரில் பெரும்பகுதியும் உதிர்ந்து விழுந்தன. புதுச் சாந்து பூசிக் கத்தரீனாவுக்குப் பச்சை ஆடை உடுத்தினார். பிளாசியாரின் தலையைக் கிறிஸ்துவின் பக்கம் திருப்பினார். ஆசானின் கையெழுத்து அந்த இரண்டு உருவங்களில் திரும்பி வராது.

கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ ஃபர்னேசேக்காக 1549-இல் மார்ச்செல்லோ வெனுஸ்தி எடுத்த பிரதி ஒன்று நேப்பிள்ஸில் இருக்கிறது. பழைய கத்தரீனாவை நாம் இன்று பார்ப்பது அதன் தயவில்தான்.

வேலை முடியவில்லை. 1565 டிசம்பரில் போப்பாண்டவர் நான்காம் பத்திநாதர் மறைந்தார். புதியவரைத் தேர்ந்தெடுக்கச் சிற்றாலயம் தேவைப்பட்டது. சாரத்தை அவிழ்த்தார்கள். 1566 ஏப்ரலில் தானியேலேயும் இறந்துபோனார். வாழ்நாளெல்லாம் வரைந்ததை விட்டுவிட்டு, ஊர் அவருக்கு ஒரே பெயரைச் சூட்டியது: இல் பிரகெத்தோனே, கால்சட்டைக்காரர். அந்தக் கால்சட்டைகள் இல்லாவிட்டால் அந்தச் சுவர் பிழைத்திருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதிய போப் ஐந்தாம் பத்திநாதர், திருச்சபையின் மத விசாரணை மன்றத்தின் முன்னாள் தலைவர். அவருக்குத் தானியேலே மறைத்தது போதவில்லை.

1570-இல் வெனிஸிலிருந்து ரோமுக்கு ஓர் இளம் ஓவியர் வந்து சேர்ந்தார். பிறந்தது கிரேக்கர் வாழும் கிரீட் தீவில். பிறந்த ஆண்டு 1541, சுவர் திறந்த அதே ஆண்டு. அவருக்குத் தங்க இடம் கொடுத்தவர் யார் தெரியுமா? அம்மணப் பிரதியைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த அதே கர்தினால் ஃபர்னேசே. அந்த இளைஞர் போப்பின் காதில் விழும்படி சொன்னாராம்: ஒட்டுப்போட்டு என்ன பயன், சுவரை மொத்தமாக இடித்துத் தள்ளுங்கள். கண்ணியமாக, இதற்குச் சற்றும் குறையாமல் நான் புதிதாக வரைந்து தருகிறேன்.

பின்னாளில் உலகம் அவரை எல் கிரேக்கோ என்று கொண்டாடியது. சுவர் அவர் கைக்குப் போனதா?

(தொடரும்)