முகமூடி போட்டவர் கோழையா?



ஐஸ் ஹாக்கி ஆட்டத்தை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்க மாட்டோம். பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடுவது அது. பந்து கிடையாது, கெட்டி ரப்பர் வட்டு. ரப்பர் என்றால் நமக்குத் தெரியாததா? ஏறக்குறைய 170 கிராம் எடையுள்ள அந்த வட்டு பறந்து வந்து முகத்தில் பட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்! அந்நாளில் கோல் காவலர்கள் வெறும் முகத்தோடுதான் நின்றார்கள்.

ஜாக் பிளாண்ட் 1929-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிறந்தவர். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். ஆஸ்துமா தொல்லையால் அதிக நேரம் சறுக்கி ஆட முடியவில்லை. அதனால்தான் கோல் காக்க நின்றார். பிறகு மாண்ட்ரியல் குழுவின் தூணாகவே ஆனார்.

1959 நவம்பர் 1, நியூயார்க். எதிரணி வீரர் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு அவர் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டார்கள். முகமூடி இல்லாமல் இனி இறங்க மாட்டேன் என்று பிளாண்ட் உறுதியாகச் சொல்லிவிட்டார். முகமூடியைப் பயிற்சியில் மட்டும் அனுமதித்துவந்த பயிற்றுநர் டோ பிளேக்குக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மாற்று ஆளும் இல்லையே! ஒத்துக்கொண்டார். மாண்ட்ரியல் 3-1 என்று வென்றது.

பயந்தாங்கொள்ளி என்று ஏசியவர்களும் உண்டு. பதிலை அவர் ஆட்டத்தில் காட்டினார். 1960-இல் அவர் குழு ஐந்தாவது முறையாகத் தொடர்ந்து ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது.

தான் கற்றதை அவர் ஒளித்து வைக்கவில்லை. டொராண்டோ குழுவில் தன்னைவிட இளையவரான பெர்னி பாரண்டுக்கு எங்கே நிற்பது, எப்படித் தடுப்பது என்று சொல்லிக் கொடுத்தார். அந்தப் பாரண்ட்தான் பிலடெல்பியா குழுவுக்காக 1974, 1975 இரண்டு ஆண்டும் கிண்ணம் வெல்லக் கோல் காத்தவர்!

1973-இல் பிளாண்ட் கியூபெக் நோர்டிக்ஸ் குழுவின் பயிற்றுநரானார். குழு இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. ஒரே பருவத்தில் விலகினார். மனம் உடைந்தாரா? இல்லை. 45 வயதில் மறுபடியும் கோல் காத்தார். ஓய்வுக்குப் பிறகு கோல் காவலர்களுக்கே பயிற்சி தந்தார். 1986-இல் காலமானார். இன்று முகமூடி இல்லாத ஐஸ் ஹாக்கி கோல் காவலரைப் பார்க்க முடியாது.

பெற்றோர்களே, மூச்சு இரைக்கிற பிள்ளையை "ஒனக்கு ஆட்டமெல்லாம் ஆகாது" என்று ஒதுக்காதீர்கள். அவனுக்கும் ஓர் இடம் உண்டு. தோட்டத்துத் தோழர்களே, வேலைக்குப் பூட்ஸ் போட்டுப் போகிறவரையும், மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் போடுகிறவரையும் பார்த்து யாராவது சிரித்தால் பிளாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். தன்னைக் காத்துக்கொள்கிறவன் கோழை அல்ல. நாளைக்கும் நின்று ஆடப்போகிறவன்!