முடிவிலிருந்து தொடக்கம் நோக்கி

துப்பறியும் கதை எதுவாயினும் அது பின்னோக்கியே நடக்கிறது. கொலை நிகழ்ந்து முடிந்த பின்னர்தான் துப்பறிவாளர் அவ்வீட்டினுள் அடியெடுத்து வைக்கிறார். தரையில் கிடக்கும் உடல், மேசைமேல் ஆறிப்போன தேநீர், நின்றுபோன கடிகாரம் ஆகிய விளைவுகளிலிருந்து அவற்றின் காரணங்களை நோக்கி அவர் ஒவ்வோர் அடியாகப் பின்செல்கிறார். இத்தகைய கதை ஒவ்வொன்றினுள்ளும் இரு கதைகள் உள்ளன என்று, பிரான்சு நாட்டில் வாழ்ந்த இலக்கியத் திறனாய்வாளர் த்ஸ்வெதான் தொதரோவ் 1966-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் விளக்கினார். ஒன்று குற்றத்தின் கதை. மற்றொன்று புலனாய்வின் கதை. முன்னது முடிந்த இடத்தில்தான் பின்னது தொடங்குகிறது.

ஆயினும் துப்பறிவாளரின் சிந்தனை பின்னோக்கிச் சென்றாலும், அவருடைய நாள்காட்டி முன்னோக்கியே நகர்ந்தது. குற்றவாளி யாரென்பதைத் தொடக்கத்திலேயே வாசகருக்குக் காட்டிவிடும் முறையை ஆங்கில எழுத்தாளர் ஆர். ஆஸ்டின் ஃபிரீமன் 1912-இல் வெளிவந்த தம் கதைத்தொகுதியில் கையாண்டார். அங்கும் காலம் நேர்வழியிலேயே சென்றது. ‘சிட்டிசன் கேன்’ (1941) போன்ற படங்களில் ஒருவருடைய மரணம் முதலில் வந்து, பின்னர் அவருடைய கடந்தகாலம் விரிகிறது. ஆனால் அந்தக் கடந்தகாலக் காட்சிகளுக்குள் காலம் வழக்கம்போல் முன்னோக்கியே ஓடுகிறது. இதனை நாம் நினைவுகூரும் உத்தி எனலாம். நாம் இங்கே ஆராயும் படங்கள் வேறு வகையின. அவற்றில் ஒவ்வொரு காட்சியும் தனக்கு முன் நிகழ்ந்த காட்சிக்கே நம்மை அழைத்துச் செல்கிறது. தண்டனை முதலில் வருகிறது. குற்றம் பின்னர் வருகிறது. குற்றமறியாப் பருவம் இறுதியில் வருகிறது.

படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டும் எண்ணம் திரைப்படக் கலையைப் போலவே பழையது. பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த லூயி லூமியேர் 1896-இல் ஒரு சுவர் இடிக்கப்படுவதைப் படம்பிடித்தார். சுவர் சாய்கிறது, புழுதி எழுகிறது. அதே சுருளைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டியபோது, புழுதி அடங்கி, சிதறிய கற்கள் ஒன்றுகூடி, சுவர் தானே எழுந்து நின்றது. கண்டவர்களுக்கு அது வேடிக்கை. ஆனால் அழிந்ததை மீண்டும் முழுமையாகக் காணவேண்டும் என்னும் மனித ஏக்கம் அந்த வேடிக்கைக்குள் ஒளிந்திருந்தது என்று நாம் கருதலாம்.

நாடக மேடை இம்முறையைச் சற்று முன்னதாகவே ஏற்றுக்கொண்டது. அமெரிக்க நாடகாசிரியர்கள் ஜார்ஜ் எஸ். காஃப்மன், மாஸ் ஹார்ட் ஆகிய இருவரும் 1934-இல் அரங்கேற்றிய ‘மெரிலி வி ரோல் அலாங்’ என்னும் நாடகம், செல்வத்தில் திளைத்து நெறி தவறிய ஓர் எழுத்தாளனைக் காட்டி, அவனுடைய இலட்சியங்கள் அரும்பிய இளமைக்குப் பின்னோக்கிச் சென்றது. ஹெரால்டு பின்ட்டர் 1978-இல் எழுதிய ‘பிட்ரேயல்’ என்னும் நாடகம் ஒரு கள்ளக்காதலை அதன் கசப்பான முடிவிலிருந்து முதற்சொல் வரை பின்தொடர்ந்தது. 1983-இல் அது திரைப்படமுமாயிற்று. இவற்றில் காவல் துறையும் இல்லை, கொலையும் இல்லை. எனினும் நம்பிக்கைத் துரோகம் என்னும் குற்றம் உண்டு.

கொலைக் கதையை முழுவதும் தலைகீழாகச் சொன்ன துணிவான முயற்சி செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தது. ஓல்ட்ரிச் லிப்ஸ்கி இயக்கி 1967-இல் வெளிவந்த ‘ஹேப்பி எண்ட்’ என்னும் அப்படம், ஒரு கசாப்புக்காரனின் தலை கில்லட்டின் கருவியில் துண்டிக்கப்பட்ட நிலையில் தொடங்குகிறது. படச்சுருள் பின்னோக்கி ஓட, தலை உடலோடு ஒட்டிக்கொள்கிறது. அதுவே தன் பிறப்பு என்று அவன் மகிழ்ச்சியோடு அறிவிக்கிறான். சிறைவாசத்தைப் பள்ளிப்படிப்பாகக் கொள்கிறான். தான் வெட்டிக் கூறுபோட்ட மனைவியின் உறுப்புகள் ஒன்றுசேர்ந்து அவள் உயிர்பெற்று எழும்போது, தனக்கொரு துணை அருளப்பட்டதாக எண்ணுகிறான். பார்வையாளர் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். ஆனால் அந்தச் சிரிப்பில் ஓர் எச்சரிக்கை உண்டு. செய்தவனே தன் செயலை விவரிக்கும்போது, கொலைகூடப் படைப்புத் தொழிலாக மாறிவிடலாம். காட்சிகள் பொய் சொல்லவில்லை. அவற்றுக்குக் கொலைகாரன் தரும் விளக்கமே பொய்.

இந்த நகைச்சுவைக்கு நேர்மாறான துயரத்தைத் தென் கொரியாவின் ‘பெப்பர்மிண்ட் கேண்டி’ திரைப்படத்தில் காண்கிறோம். லீ சாங்-டொங் இயக்கிய அப்படம் 1999-இல் பூசான் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நாற்பது வயதை எட்டிய யோங்-ஹோ என்பவன், பழைய நண்பர்கள் ஆற்றங்கரையில் கூடியிருக்கும் வேளையில் இருப்புப்பாதைப் பாலத்தின்மேல் ஏறி, திரும்பிப் போகவேண்டும் என்று கதறியவாறு விரைந்து வரும் இரயிலை எதிர்கொள்கிறான். அங்கிருந்து படம் ஏழு பகுதிகளாக இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கிறது. பகுதிகளுக்கிடையே இருப்புப்பாதை ஒன்று திரையில் விரைகிறது. அது பின்னோக்கி ஓட்டப்பட்ட காட்சி என்பதை, பாதையோரம் பின்புறமாக நகரும் மனிதர்களைக் கண்டே நாம் உணர்கிறோம்.

1994-இல் அவன் மனைவியிடம் கொடுமையாய் நடந்துகொள்ளும் வணிகன். 1987-இல் மாணவர்களைச் சித்திரவதை செய்யும் காவலன். 1984-இல் அத்தொழிலில் முதன்முறையாகக் கைகளை மாசுபடுத்திக்கொள்ளும் இளைஞன். 1980 மே மாதத்தில் குவாங்ஜு நகர மக்களின் எழுச்சியை ஒடுக்க அனுப்பப்பட்ட, அச்சத்தில் நடுங்கும் படைவீரன். அங்கே இருளில் அவன் துப்பாக்கியிலிருந்து பாய்ந்த குண்டு ஒரு மாணவியின் உயிரைப் பறிக்கிறது. முந்தைய காட்சிகளில் அவன் கால் அவ்வப்போது தடுமாறியது ஏன் என்பதும் அங்கேதான் விளங்குகிறது. இறுதிப் பகுதியில், 1979-ஆம் ஆண்டின் ஆற்றங்கரையில், காட்டுப் பூக்களைப் படம்பிடிக்க விரும்பும் இளைஞனாக அவனைக் காண்கிறோம்.

இது ஒரு தனிமனிதனின் கதை மட்டுமன்று. 1987 சனவரியில் பார்க் ஜோங்-சோல் என்னும் மாணவர் காவலரின் சித்திரவதையில் இறந்தார். அக்கொலை தொடர்பான உண்மைகள் மறைக்கப்பட்டதை, நீதிக்கான கத்தோலிக்கக் குருக்கள் அமைப்பினர் அவ்வாண்டு மே 18 அன்று சியோல் நகரின் மியோங்டொங் பேராலயத்தில் நாட்டுக்கு அறிவித்தனர். குவாங்ஜு படுகொலைக்குப் பொறுப்பான முன்னாள் அதிபர் சுன் டூ-ஹ்வான் 1996-இல் தண்டிக்கப்பட்டு, 1997 டிசம்பரில் பொதுமன்னிப்புப் பெற்றார். நீதிமன்றம் கட்டளையிட்டவரை விசாரித்தது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்த எளிய மனிதனின் உள்ளம் எவ்வாறு சிதைந்தது என்பதை இத்திரைப்படம் விசாரித்தது.

உலகெங்கும் இம்முறையைப் புகழ்பெறச் செய்தது கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய ‘மெமென்டோ’. 2000-ஆம் ஆண்டில் வெனிஸ் திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் செல்லும் கார்ப் பயணத்தில் இளையவர் ஜொனதன் சொன்ன கதையே மூத்தவர் கையில் படமாயிற்று. லியோனார்டு என்பவன் தன் மனைவியைத் தாக்கியவனைத் தேடுகிறான். ஆனால் அத்தாக்குதலில் தலையில் அடிபட்டதால் புதிய நினைவுகள் எவையும் அவனிடம் தங்குவதில்லை. உடனடிப் புகைப்படங்களும், அவற்றில் எழுதிய குறிப்புகளும், உடலில் குத்திய பச்சையுமே அவனுக்கு நினைவாற்றல். வண்ணக் காட்சிகள் பின்னோக்கியும், கருப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கியும் நகர்ந்து, முடிவில் ஒன்றோடொன்று இணைகின்றன. ஒவ்வொரு வண்ணக் காட்சியின் தொடக்கத்திலும், அதற்குமுன் நடந்தது எதுவென்று அறியாத நிலையில் அவனோடு நாமும் நிற்கிறோம்.

முதற்காட்சியில் அவன் ஒருவனைச் சுட்டுக் கொல்கிறான். பழி தீர்ந்தது என்று நாம் நம்புகிறோம். இறுதிக்கு வரும்போதோ, தேடப்பட்டவன் முன்பே கொல்லப்பட்டுவிட்டான் என்னும் சொல்லைக் கேட்கிறோம். அதை ஏற்க மனமில்லாத லியோனார்டு, அதைச் சொன்னவனையே பழிக்கு உரியவனாக்கும் ஒரு குறிப்பைத் தானே எழுதி வைக்கிறான். தான் அதை மறந்துவிடுவான் என்பது அவனுக்குத் தெரியும். சோபக்ளீசின் ஈடிப்பஸ் மன்னன் தேடிய குற்றவாளி தானேதான் என்பதைக் கண்டபோது உண்மைக்குத் தலைவணங்கினான். இவனோ உண்மையைக் கண்ட கணத்திலேயே அதைப் புதைத்துவிடுகிறான். இவ்விடத்தில் மறதியைவிட மனமறிந்த பொய்யே பெரிய நோயாகத் தோன்றுகிறது. இப்படம் பின்னர் குறுந்தகடாக வந்தபோது, காட்சிகளை நேர்வரிசையில் காணும் வழியும் அதில் மறைவாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அவ்வாறு கண்டால் பொய் முதலிலேயே வெளிப்பட்டுவிடும். கொலையாளியோடு நமக்கு ஏற்பட்ட உறவும் எழாமலே போய்விடும்.

2002-இல் கான் திரைப்பட விழாவில் பலரை அரங்கை விட்டு வெளியேறச் செய்த பிரெஞ்சுப் படம் கஸ்பார் நோயே இயக்கிய ‘இர்ரெவர்சிபிள்’. அதன் காட்சிகள் கொடியவை. குடும்பத்தினர் கூடியிருந்து காணத்தக்கவை அல்ல. ஆயினும் அதன் அமைப்பை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். காரணம் சொல்லப்படுவதற்கு முன்னரே பழிவாங்கும் வெறி காட்டப்படுகிறது. ஆகவே அதற்கு நியாயம் கற்பிக்க நம்மிடம் எதுவுமில்லை. அதன் அருவருப்பை மட்டுமே காண்கிறோம். கொல்லப்பட்டவன் உண்மைக் குற்றவாளி அல்லன் என்பதும் பின்னர்த் தெளிவாகிறது.

இதனோடு நமக்கு நன்கு அறிமுகமான ஒரு தமிழ்ப் படத்தை ஒப்பிடலாம். ஏ. ஆர். முருகதாஸ் இயக்கத்தில் 2005-இல் வெளிவந்த ‘கஜினி’, நினைவிழந்த நாயகன், புகைப்படங்கள், பச்சைக்குத்து ஆகியவற்றை ‘மெமென்டோ’வின் வழியிலேயே அமைத்தது. ஆனால் தலைகீழ் வரிசையை அது ஏற்கவில்லை. நாட்குறிப்பின் வழியாகக் காதல் கதை நேராக விரிகிறது, கொலை நிகழ்கிறது, வில்லன் ஐயத்துக்கு இடமின்றிக் குற்றவாளி, நாயகன் அவனை அழிக்கும்போது அரங்கம் ஆரவாரிக்கிறது. அன்பை முன்னரும் பழியை இறுதியிலும் வைத்தால் பழிவாங்குதல் வீரமாகிறது. வரிசையைப் புரட்டிவைத்தால் அதே செயல் நம்மைத் திகைக்க வைக்கிறது. கைதட்டலும் திகைப்பும் எந்தக் காட்சியை முதலில் கண்டோம் என்பதைச் சார்ந்தவை என்றால், நம்முடைய நீதியுணர்வு நாம் நினைக்குமளவுக்கு உறுதியானதுதானா என்னும் கேள்வி எழத்தான் செய்கிறது.

இதனால் குற்றவாளியின் கடந்தகாலத்தை அறிந்தவுடன் அவனை விடுவித்துவிட வேண்டும் என்பது பொருளன்று. யோங்-ஹோவின் இளமையைக் கண்டு நாம் கண்ணீர் சிந்தலாம். ஆனால் அவனிடம் வதைபட்ட மாணவனின் வலி அக்கண்ணீரால் குறையப்போவதில்லை. குவாங்ஜுவில் வீழ்ந்த மாணவிக்கும் ஓர் ஆற்றங்கரை இருந்திருக்கும். காரணம் அறிதல் வேறு. கணக்குத் தீர்த்தல் வேறு. தலைகீழ்க் கதைகள் முன்னதையே செய்கின்றன. பின்னதை நம்மிடமே விட்டுவிடுகின்றன.

நாள்தோறும் செய்தித்தாள்களும் குற்றங்களைத் தலைகீழாகத்தான் நமக்குத் தருகின்றன. முதலில் வருவது கைவிலங்கிட்ட ஒருவனின் படம். அதற்குக் கீழே செயல். எப்போதாவது ஒரு வரியில் அவன் ஊரும் தொழிலும். அத்தோடு செய்தி நின்றுவிடுகிறது. நாமும் தீர்ப்பை எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். செய்தி நின்ற இடத்திலிருந்து மேலும் இருபது ஆண்டுகள் பின்னே செல்லும் பொறுமையை இத்திரைப்படங்கள் நம்மிடம் கேட்கின்றன. அவ்வாறு சென்ற பின்னும் நம் தீர்ப்பு மாறாமல் இருக்கலாம். ஆனால் அதை எழுதும் கை சற்றே தயங்கும்.