பினாங்கு வீடுகளில் குழல் ஐஸ்

ஆலை ஐஸ் வருவதற்கு முன் வெப்ப நாடுகளுக்குப் பனிக்கட்டி கப்பலில்தான் வந்தது. 1833-இல் பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் கல்கத்தாவுக்கும், பின்னர் சென்னைக்கும் அதை அனுப்பினார். ஆலைகள் வந்த பிறகே பினாங்கின் ஜார்ஜ்டவுன் தெருக்களில் 'ஐஸ் கெப்பால்' சாத்தியமாயிற்று: பலகையில் பதித்த கத்தியில் ஐஸைச் சீவி, கையால் உருட்டி, சிவப்பு சர்பத் ஊற்றித் தருவார்கள்.

குளிர்பெட்டி வந்ததும் ஐஸ் செய்யும் வேலை வீட்டு அடுப்படிக்கு மாறியது. நீளக் குழல் போன்ற பிளாஸ்டிக் பையில் புனல் வைத்துச் சாறு ஊற்றி, வாயை முடிந்து உறையவைப்பதே 'ஐஸ்கிரீம் மலேசியா'. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரியும். பை முட்ட ஊற்றினால் வெடித்துவிடும். சர்க்கரை குறைந்தால் கல்லாக இறுகும், அளவாக இருந்தால் பல்லுக்கு இதமாகக் கடிபடும்.

இந்த ஐஸில் பினாங்குக்கே உரிய சுவை ஜாதிக்காய். கிழக்கிந்தியக் கம்பெனி மலுக்குத் தீவுகளிலிருந்து கொண்டுவந்த மரம் அது. கொட்டையும் ஜாதிபத்திரியும் வணிகருக்குப் போயின. துவர்ப்பும் மணமும் கொண்ட சதை தீவிலேயே ஊறுகாயாகவும் சாறாகவும் தங்கியது. கெடொண்டோங் (அம்பரெல்லா) காயை அரைத்து, ஆசாம் பொய் எனும் உப்பிட்டு உலர்த்திய பிளம் போட்ட சாறும் இப்படியே உறையவைக்கப்படுகிறது.