ஆயிரம் குன்றுகளின் வானொலி

ஊடகம் வன்முறையைத் தூண்டுகின்றதா என்ற விவாதம் எழும்போதெல்லாம் திரைப்படச் சண்டைக் காட்சிகளைப் பற்றியே பலரும் பேசுகின்றனர். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு வானொலி நிலையம். ருவாண்டாவுக்கு 'ஆயிரம் குன்றுகளின் நாடு' என்றொரு பெயருண்டு. அக்குன்றுகளின் பெயரையே தாங்கி 1993 யூலையில் தலைநகர் கிகாலியில் ஒலிபரப்பைத் தொடங்கியது ஆர்.ரி.எல்.எம். என்ற தனியார் வானொலி.

அரச வானொலி விறைப்பான மொழியில் அறிக்கைகளை வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. புதிய வானொலியோ கொங்கோ நாட்டுப் பாடல்களை ஒலிக்கவிட்டது. தெருவோரப் பேச்சு மொழியில் நகைச்சுவை சொன்னது. நேயர்களைத் தொலைபேசியில் பேசவைத்தது. இளைஞர்கள் அதனை விரும்பிக் கேட்டனர். சிறுபான்மைத் துட்சிகளைக் 'கரப்பான் பூச்சிகள்' என்று அழைக்கும் வழக்கம் அந்தச் சிரிப்புக்கும் பாட்டுக்கும் நடுவேதான் வந்து உட்கார்ந்துகொண்டது. 1990 இல் ஆரம்பிக்கப்பட்ட 'கங்குரா' பத்திரிகை அதற்கு முன்னரே வழி சமைத்திருந்தது. துட்சிகளோடு ஹுட்டுக்கள் எவ்வுறவும் வைக்கலாகாது எனக்கூறும் 'பத்துக் கட்டளைகளை' அப்பத்திரிகை அவ்வாண்டு டிசெம்பரில் வெளியிட்டது.

1994 ஏப்ரல் 6 ஆம் திகதி ஜனாதிபதி ஹப்யரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நூறு நாட்களில் ஐந்து இலட்சத்துக்கும் எட்டு இலட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள் கொல்லப்பட்டனர் என்று பல மதிப்பீடுகள் கூறுகின்றன. பெல்ஜிய ஆட்சியாளர் 1930களில் அறிமுகப்படுத்திய இன அடையாள அட்டை வீதித் தடைகளில் உயிரைப் பறிக்கும் சீட்டானது. வானொலியோ ஆட்களின் பெயர்களையும், வாகன இலக்கங்களையும், ஒளிந்திருந்த இடங்களையும் அறிவித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒலிபரப்பைத் தடைசெய்ய முடியுமா என அமெரிக்க அதிகாரிகள் 1994 மே மாதத்தில் ஆராய்ந்தனர். அதற்கான விமானம் பறக்க மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ 8,500 டொலர் செலவாகும் என்று ஒரு குறிப்பில் எழுதப்பட்டது. யோசனை கைவிடப்பட்டது.

தன்சானியாவின் ஆருஷா நகரில் அமைந்த ஐ.நா. நீதிமன்றம் 2003 டிசெம்பர் 3 ஆம் திகதி மூவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. வானொலியை நிறுவியோருள் முக்கியமானவரான பேர்டினான்ட் நஹிமானா ஒரு வரலாற்றுப் பேராசிரியர். வரலாறு படித்தவன் என்ற முறையில் இது என்னை உறுத்துகின்றது. 2007 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைகளைக் குறைத்தது. ஏப்ரல் 6 இன் பின்னரான ஒலிபரப்புக்களே நேரடித் தூண்டுதல் என்றும் அது வரையறுத்தது. அதற்கு முந்தைய மாதங்களின் கேலிக்கும் கிண்டலுக்கும் சட்டத்தில் அதே இடம் கிடைக்கவில்லை.

"நாங்கள் சொன்னோம், செய்தவர்கள் வேறு யாரோ" என்பது எங்கள் தொழிலில் மிகப் பழைய பதில். நானும் அதைச் சொன்னதுண்டு. அது முற்றிலும் பொய்யுமல்ல. கொலையாளிகளைச் சிறையில் பேட்டி கண்ட ஸ்கொட் ஸ்ட்ராஸ் என்ற அரசறிவியலாளர், பலரையும் களத்தில் இறக்கியது வானொலியன்று, வாசலுக்கு வந்து அழைத்த அயலவரும் உள்ளூர் அதிகாரிகளுமே என்று 2007 இல் எழுதினார். 2014 இல் வெளியான டேவிட் யனகிசாவா-ட்ரொட்டின் ஆய்வு வேறு வழியிற் சென்றது. குன்றுகள் மறைத்ததால் வானொலி அலை எட்டாத கிராமங்களை, எட்டிய கிராமங்களுடன் ஒப்பிட்டார் அவர். மொத்த வன்முறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அந்த வானொலியுடன் தொடர்புபடுத்தினார். எல்லாவற்றுக்கும் வானொலியே காரணம் என்போருக்கு இது சிறிய கணக்காகத் தோன்றலாம். இறந்தோர் தொகையை மனதில் வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பின்னர் அதே நாட்டில் எதிர்த்திசையிலும் வானொலி பயன்பட்டது. 2004 இல் 'முசெகெவேயா' என்ற தொடர் நாடகம் ஒலிபரப்பாகத் தொடங்கியது. பகைகொண்ட இரு கிராமங்களின் கதை அது. எலிசபெத் லெவி பலுக் என்ற உளவியலாளர் சில குழுக்களுக்கு இந்நாடகத்தையும், வேறு சில குழுக்களுக்குச் சுகாதார நாடகமொன்றையும் ஓராண்டு கேட்கச் செய்தார். நேயர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை என்று 2009 இல் அவர் எழுதினார். மாறியது, தம் சமூகத்தில் எது ஏற்கத்தக்கது என்ற எண்ணமும் நடத்தையுமே. கொலைக்காலத்து வானொலியும் இதைத்தான் செய்ததோ என்று நினைக்கிறேன். வெறுக்கக் கற்பிப்பதைவிட, 'எல்லோரும் இதைச் செய்கின்றனர்' என்று நம்பவைப்பது எளிது.

ஆய்வின் முடிவில் குழுக்களுக்கு ஒலிநாடாக் கருவியும் நாடாக்களும் பரிசாக வழங்கப்பட்டன. சுகாதார நாடகம் கேட்ட குழுக்கள் வழக்கம்போல் அவற்றை உள்ளூர்த் தலைவரிடம் ஒப்படைப்பதென எளிதில் முடிவு செய்தன. முசெகெவேயா கேட்டவர்களோ அப்படி ஒருவர் முன்மொழிந்ததும் மறுத்துப் பேசினர். நெடுநேரம் விவாதித்துப் பொறுப்பைத் தங்களுக்குள்ளேயே பகிர்ந்துகொண்டனர்.