பெரிய பானை, சின்ன வாய்

பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து சேர்த்து வைக்கும் சர்வருக்கு ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டியிருந்தது. "20 டெராபைட்டில் நாலு போதும்லா, எதுக்கு 8 டெராபைட்டில் பத்து? கரண்டு மிச்சம், இடம் மிச்சம்," என்றார் நண்பர். இரண்டுமே 80 டெராபைட்தான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. சில இதழ்களின் காகிதப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. ஸ்கேன் மட்டும்தான் மிச்சம்.

1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50. கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. ஒரே ஒரு கை மேலும் கீழும் ஏறி இறங்கி நொடிக்கு 8,800 எழுத்து படித்தது. கணக்குப்படி பத்து நிமிடத்தில் மொத்தத்தையும் படித்துவிடலாம். இன்றைய 20 டெராபைட் டிஸ்க்கோ நொடிக்கு 250 மெகாபைட் விடாமல் படித்தாலும் 22 மணி நேரம் பிடிக்கும். எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால் கொள்ளளவு 40 லட்சம் மடங்கு ஏறியிருக்கிறது. வேகம் 30 ஆயிரம் மடங்குகூட ஏறவில்லை. தட்டில் தடங்களை நெருக்கினால் இடம் பெருகும், வேகம் பெருகாது. சுழற்சியும் நிமிடத்துக்கு 7,200ஐத் தாண்டுவது அபூர்வம். பானை பெருத்தது, வாய் அந்தளவு பெருக்கவில்லை.

1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 'ரெய்டு' முறையை முன்வைத்தார்கள். விலையுயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான சின்ன டிஸ்க்குகளின் கூட்டம். ஒன்று செத்தால் மற்றவற்றை முழுதாகப் படித்துப் புதியதில் திரும்ப எழுதலாம். சிக்கலே அங்கேதான். பெரிய டிஸ்க் செத்தால் அந்த வேலை ஒரு நாளைத் தாண்டும். ஒற்றைப் பாதுகாப்பு மட்டும் இருந்து, அதற்குள் இன்னொன்றும் போனால் எல்லாமே போச்சு. அதனால்தான் இரண்டு செத்தாலும் தாங்கும் 'ரெய்டு 6' பரவியது.

அதற்கும் விலை உண்டு. இரண்டு டிஸ்க் அளவு பாதுகாப்புக்கே போய்விடும். நண்பரின் நாலில் மிஞ்சுவது 40 டெராபைட், பத்தில் 64. ஆனால் பத்து டிஸ்க் என்றால் சூடு அதிகம், பழுதாகக்கூடியதும் பத்து.

எங்கள் இதழ்களைத் தினமும் யாரும் புரட்டப்போவதில்லை, 40 தாராளம். நாலு பெரிய டிஸ்க்கே வாங்கினேன். இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வைத்தேன். ரெய்டு டிஸ்க்கின் சாவைத்தான் தாங்கும். தீயையோ, கைதவறி அழிப்பதையோ தாங்காது.