நசீருத்தீன் தூசி (1201–1274)

நசீருத்தீன் தூசி 13ஆம் நூற்றாண்டின் பாரசீக வானியலாளர். கணிதம், தத்துவம், அறவியல் ஆகிய துறைகளிலும் அரபு, பாரசீக மொழிகளில் நூல்கள் இயற்றியவர். ஈரானின் வடகிழக்கே குராசான் பகுதியைச் சேர்ந்த தூசு நகரில் பிறந்த இவர், நிஷாப்பூரில் கல்வி கற்றபின் மோசூல் நகரில் கமாலுத்தீன் இப்னு யூனுசிடம் கணிதமும் வானியலும் பயின்றார்.

மங்கோலியப் படையெடுப்பால் குராசான் நிலைகுலைந்திருந்த காலத்தில், ஷியா இசுலாத்தின் ஒரு பிரிவினரான நிசாரி இசுமாயிலிகள் இவரை ஆதரித்தனர். அவர்களுடைய மலைக்கோட்டைகளில் பல ஆண்டுகள் தங்கிய தூசி, தனிமனித ஒழுக்கம், இல்லறம், அரசியல் ஆகிய மூன்றையும் ஆராயும் ‘அக்லாக்-இ நாசிரி’ என்னும் பாரசீக நூலை அங்கு எழுதினார். 1256இல் அலமூத் கோட்டை மங்கோலியர் வசமானதும், செங்கிசு கானின் பேரரான ஹுலாகு கானின் அவையில் ஆலோசகராகச் சேர்ந்தார்.

ஹுலாகுவின் ஆதரவுடன், வடமேற்கு ஈரானிலுள்ள மராகாவில் 1259இல் வான் ஆய்வகம் ஒன்றின் கட்டுமானம் தூசியின் தலைமையில் தொடங்கியது. அதன் கருவிகளை முஅய்யதுத்தீன் உருதி வடிவமைத்தார். பெரியதொரு நூலகமும் அங்கு அமைந்தது. அங்கு நடந்த ஆய்வுகளின் பயனாக, கோள்களின் இருப்பிடங்களைக் கணிப்பதற்கான அட்டவணைகளும் விளக்கங்களும் அடங்கிய ‘சீஜ்-இ இல்கானி’, ஹுலாகுவின் மகன் அபாகாவின் ஆட்சியில் நிறைவுற்றது.

கிரேக்க வானியலாளர் தாலமி, கோளின் வட்டப்பாதையில் அமையும் சீரான இயக்கத்தை அவ்வட்டத்தின் மையத்திலிருந்து அளக்காமல், வேறொரு புள்ளியிலிருந்து அளந்தார். வான்பொருள்கள் தம் மையத்தைச் சுற்றிச் சீராகவே இயங்கும் என்ற கொள்கைக்கு இது முரணானது. இதனைக் களைய, ‘தத்கிரா’ என்னும் நூலில் தூசி ஓர் அமைப்பை விளக்கினார். ஒரு வட்டத்தினுள், அதன் விட்டத்தில் பாதியளவு விட்டமுடைய சிறுவட்டம் அதனைத் தொட்டவாறு உருளும்போது, சிறுவட்டத்தின் பரிதியிலுள்ள ஒரு புள்ளி பெருவட்டத்தின் விட்டத்தின் வழியே முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் இயங்கும். ‘தூசி இணை’ எனப்படும் இவ்வமைப்பு, கோப்பர்னிக்கசு 1543இல் வெளியிட்ட நூலிலும் காணப்படுகிறது. அது அவரை எட்டிய வழி குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

வானியலின் துணைக்கருவியாக இருந்த முக்கோணவியலை, நாற்கர உருவம் பற்றிய தம் நூலில் தனித்துறையாக வகுத்து, தளமுக்கோணங்களுக்கும் கோளமுக்கோணங்களுக்கும் உரிய விதிகளை முறைப்படுத்தியதும் இவரது பெரும்பணியாகும்.

தூசி 1274இல் பக்தாதில் காலமானார். கோள் இயக்கம் பற்றிய ஆய்வை இவருடைய மாணவர் குத்புத்தீன் ஷிராசி முன்னெடுத்துச் சென்றார்; 15ஆம் நூற்றாண்டில் ஜம்ஷீது காஷி, ‘சீஜ்-இ இல்கானி’யைத் திருத்தி ‘சீஜ்-இ காகானி’ என்னும் புதிய அட்டவணை நூலை உருவாக்கினார்.