மூச்சுத்திணறல் தணிந்தால் நோய் கட்டுப்பட்டுவிட்டதா? சுவாச மருந்துகள் செயல்படும் விதம்

புது தில்லி:
குளிர்காலம் தொடங்கியதும் தில்லி உள்ளிட்ட வட இந்திய நகரங்களில் காற்றின் தரம் குறைவதும், மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளுக்கு வருவோரின் எண்ணிக்கை உயர்வதும் ஆண்டுதோறும் நிகழ்ந்து வருகின்றன. அவ்வாறு வருவோரில் பலர் ஏற்கெனவே இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள். எனினும், தாம் பயன்படுத்தும் மருந்து திணறலைத் தணிப்பதா, நோயைக் கட்டுப்படுத்துவதா என்ற வேறுபாட்டை அனைவரும் அறிந்திருப்பதில்லை. உயிரைக் காப்பதில் இந்த வேறுபாட்டுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இந்தியாவில் 3 கோடிக்கும் அதிகமானோர் ஆஸ்துமாவால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக நோய்ச் சுமை ஆய்வு மதிப்பிட்டுள்ளது. உலக அளவில் ஆஸ்துமா நோயாளிகளின் எண்ணிக்கையில் இந்தியா வகிக்கும் பங்கைவிட, ஆஸ்துமா உயிரிழப்புகளில் அதன் பங்கு மிகவும் அதிகமாக உள்ளது.

சுருக்கமும் வீக்கமும்

ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழல்களில் இரண்டு மாற்றங்கள் ஏற்படுகின்றன. குழலைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுவதால் காற்றுப் பாதை குறுகுகிறது. குழலின் உட்சுவர் அழற்சியால் வீங்கி, சளியும் அதிகமாகச் சுரக்கிறது. தசை இறுக்கம் சில நிமிடங்களில் தோன்றி மறையக்கூடியது. அழற்சியோ அறிகுறிகள் இல்லாத நாள்களிலும் நீடிக்கக்கூடியது. இவ்விரண்டுக்கும் தனித்தனி மருந்துகள் தேவைப்படுகின்றன.

உடனடி நிவாரணம்

தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்துகளில் சால்பியூட்டமால் பரவலாக அறியப்பட்டது. 1960-களில் பிரிட்டனில் உருவாக்கப்பட்டு, 1969-இல் விற்பனைக்கு வந்த இம்மருந்து, மூச்சுக்குழல் தசைகளில் உள்ள பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டி அவற்றைத் தளரச் செய்கிறது. சுமார் 5 நிமிடங்களில் பலன் தெரியும். அது 4 முதல் 6 மணி நேரம் வரை நீடிக்கும். கை நடுக்கம், படபடப்பு ஆகியன இதன் பக்க விளைவுகள்.

சால்பியூட்டமால் மாத்திரையாகவும் கிடைக்கிறது. இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வெளிவரும் மருந்து 100 மைக்ரோகிராம். மாத்திரையில் இருப்பது 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது 20 முதல் 40 மடங்கு. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவிய பின்னரே நுரையீரலை அடைவதால், பலன் தாமதமாகிறது. பக்க விளைவுகளும் அதிகரிக்கின்றன. இன்ஹேலர் பழக்கம் தொற்றிக்கொள்ளும், அது இறுதிக்கட்ட மருந்து என்ற கருத்துகள் மக்களிடையே நிலவினாலும், குறைந்த அளவு மருந்தை உரிய இடத்தில் சேர்க்கும் வழி இன்ஹேலரே.

அழற்சிக்கு மருந்து

வீக்கத்தைக் குறைப்பவை புடெசோனைடு, பெக்லோமெத்தசோன், புளூட்டிகசோன் போன்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகள். இவை செல்களுக்குள் நுழைந்து, அழற்சியைத் தூண்டும் புரதங்களின் உற்பத்தியை அடக்குகின்றன. முழுப் பலன் தெரிய நாள்கள் அல்லது வாரங்கள் ஆகும். மருந்தை உள்ளிழுத்தவுடன் எந்த மாற்றமும் தெரியாததால், 'இதனால் பயனில்லை' எனக் கருதி நோயாளிகள் அதை நிறுத்திவிடுவதும், உடனே பலன் தரும் சால்பியூட்டமாலை மட்டும் தொடர்வதும் உண்டு. அப்போது திணறல் தணிகிறது, அழற்சி தொடர்கிறது.

இதன் ஆபத்தைக் கருத்தில் கொண்டு, ஆஸ்துமா சிகிச்சைக்கான உலகளாவிய வழிகாட்டுதல்களை வெளியிடும் 'ஜீனா' அமைப்பு 2019-இல் முக்கிய மாற்றத்தை அறிவித்தது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூட்டமால் போன்ற குறுகிய கால நிவாரணிகளை மட்டும் கொடுத்துச் சிகிச்சை அளிக்கக் கூடாது என்றும், ஸ்டீராய்டு அடங்கிய இன்ஹேலர் அவசியம் என்றும் அது பரிந்துரைத்தது. ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நிவாரணி இன்ஹேலர்கள் தீர்வது, நோய் தீவிரமடையும் அபாயத்தின் அறிகுறி என்றும், 12-க்கு மேல் தீர்ந்தால் உயிரிழப்பு அபாயம் உயர்கிறது என்றும் அந்த வழிகாட்டுதல் எச்சரிக்கிறது.

தற்போது முன்னுரிமை பெறுவது புடெசோனைடு - ஃபார்மோட்டெரால் கூட்டு மருந்து. ஃபார்மோட்டெரால் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தி, சுமார் 12 மணி நேரம் செயல்படுகிறது. இதனால், நிவாரணம் தேடி இன்ஹேலரை நாடும் ஒவ்வொரு முறையும் அழற்சிக்கான மருந்தும் உடன் சேர்கிறது. 2022 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலிலும் இக்கூட்டு மருந்து இடம்பெற்றுள்ளது.

சிஓபிடி நோய்க்கு வேறு முறை

புகைப்பழக்கத்தாலும், விறகடுப்புப் புகையாலும் ஏற்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சிஓபிடிக்கான சிகிச்சை மாறுபட்டது. இதில் நீண்ட நேரம் செயல்படும் தளர்த்திகளே முதன்மையானவை. அவற்றுள் டியோட்ரோபியம், தசையை இறுகச் செய்யும் நரம்புச் சமிக்ஞையைத் தடுத்து, சுமார் 24 மணி நேரம் பலன் தருகிறது. ஸ்டீராய்டு தேவைப்படுவோருக்கு மட்டுமே சேர்க்கப்படுகிறது. ஆனால் ஆஸ்துமா நோயாளி, ஸ்டீராய்டு இன்றி நீண்ட நேரத் தளர்த்தியை மட்டும் பயன்படுத்துவது ஆபத்தானது. எனவே ஒருவரின் இன்ஹேலரை மற்றொருவர் பயன்படுத்தலாகாது.

மாத்திரைகளில் கவனம்

மான்டெலுகாஸ்ட் மாத்திரை, அழற்சியைத் தூண்டும் லூக்கோட்ரையீன் என்ற வேதிப்பொருளின் செயலைத் தடுக்கிறது. மனநிலை மாற்றம், தற்கொலை எண்ணம் போன்ற பாதிப்புகள் ஏற்படக்கூடும் என 2020 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இம்மருந்துக்கான எச்சரிக்கையை வலுப்படுத்தியது. தியோஃபிலின் மாத்திரையில் பலன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடையிலான வேறுபாடு குறைவு. சிப்ரோஃபிளாக்சசின், எரித்ரோமைசின் ஆகியவற்றை உடன் உட்கொண்டால் ரத்தத்தில் அதன் அளவு உயரும்.

பயன்படுத்தும் முறை

* அழுத்தி வெளியேற்றும் இன்ஹேலரை நன்கு குலுக்கி, மூச்சை முழுமையாக வெளியே விட்டபின், அழுத்திக்கொண்டே மெதுவாகவும் ஆழமாகவும் உள்ளிழுக்க வேண்டும். பின்னர் 10 வினாடிகள் வரை மூச்சை அடக்க வேண்டும்.

* அழுத்துவதையும் உள்ளிழுப்பதையும் ஒருசேரச் செய்ய இயலாதவர்கள், குறிப்பாகக் குழந்தைகளும் முதியோரும், ஸ்பேசர் குழாயைப் பொருத்திப் பயன்படுத்தலாம்.

* உலர்தூள் இன்ஹேலரில் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதற்கான காப்ஸ்யூலைக் கருவியில் இட்டே பயன்படுத்த வேண்டும், விழுங்கக் கூடாது.

* ஸ்டீராய்டு மருந்தை உள்ளிழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையெனில் வாயில் பூஞ்சைத் தொற்றும் குரல் கரகரப்பும் ஏற்படலாம்.

நிவாரணி மருந்துக்குப் பின்னரும் திணறல் குறையாவிட்டாலோ, ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாவிட்டாலோ, உதடுகள் நீலம் பாரித்தாலோ, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறிகுறிகள் குறைந்துவிட்டன என்பதற்காக, மருத்துவரின் ஆலோசனையின்றி ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்தக் கூடாது.